கல்யாண டிவிடிகளை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றும்போது: எந்த செட்டிங் படத்தைக் கெடுக்கிறது?

கேள்வி: எங்கள் கல்யாணம், பெண்ணின் அரங்கேற்றம், அப்பாவின் சஷ்டியப்தபூர்த்தி என்று சுமார் அறுபது டிவிடிகள் இருக்கின்றன. பெரும்பாலும் வீடியோக்காரர் எழுதிக் கொடுத்தவை. மழைக்காலத்தில் சிலவற்றில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிட்டது. இலவச கன்வெர்ட்டர் ஒன்றில் 1080 வைத்து ஒரு டிஸ்க்கை மாற்றிப் பார்த்தேன். ஆட்கள் அசையும்போது ஓரமெல்லாம் கோடுகோடாகத் தெரிகிறது. கேமரா திரும்பினால் படம் தடுமாறுகிறது. ஹெச்.264 நல்லதா, ஹெச்.265 நல்லதா? தரத்துக்கு என்ன எண் வைப்பது? – வாசகி, மாதுங்கா, மும்பை.

பதில்: கோடெக்கும் (ஹெச்.264 போன்ற சுருக்கும் முறை) தர எண்ணும் உங்கள் படத்தைக் கெடுக்கவில்லை. கெடுத்தது இன்டர்லேஸ், அதாவது ஒவ்வொரு படத்தையும் இரண்டு அரைப்படங்களாகப் பதியும் முறை. அதைச் சரியாகக் கையாண்டால் மற்ற செட்டிங்குகளில் கொஞ்சம் முன்பின் போனாலும் குறைவராது. அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சுருக்குவதற்கு முன், டிஸ்க்கில் இருப்பதை இருக்கிறபடியே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

ஒற்றை அடுக்கு டிவிடி 4.7 ஜிபி என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் கணக்கில் 4.37 ஜிபிதான். அறுபதும் முழுக்க நிரம்பியிருந்தால்கூட 300 ஜிபிக்குள் அடங்கும். 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. இந்த நிலையில் இடத்தை மிச்சம் பிடிக்க மூலத்தையே சுருக்குவதில் அர்த்தமில்லை. மேக்எம்கேவி என்ற மென்பொருள் டிவிடிக்கு இலவசம். அது வீடியோவைத் திரும்ப என்கோட் செய்யாமல் (புதிதாகச் சுருக்கி எழுதாமல்), டிஸ்க்கில் உள்ள எம்பெக்-2 என்ற டிவிடி வீடியோ ஓட்டத்தை அப்படியே எடுத்து ஒரு எம்கேவி ஃபைலில் வைக்கிறது. தரம் ஒரு துளியும் குறையாது. ஒரே ஒரு எச்சரிக்கை: 120 விநாடிக்குக் குறைவான பகுதிகளை அது தானாகவே விட்டுவிடும். வீடியோக்காரர்கள் அழைப்பிதழ், ஜானவாச ஊர்வலம் போன்றவற்றைச் சின்னச் சின்ன டைட்டிலாகப் பிரித்து வைத்திருப்பார்கள்; அவை காணாமல் போகும். செட்டிங்கில் குறைந்தபட்ச நீளத்தை 10 விநாடி ஆக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

இந்த எம்கேவிதான் இனி உங்கள் மூலம். டிவிக்கும் ஃபோனுக்குமான சின்ன ஃபைலை இதிலிருந்து எப்போது வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். இப்போது ஒரு செட்டிங் தப்பினால் நஷ்டம் ஒன்றுமில்லை.

படிப்பதில்தான் சிரமம் வரும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள லேமிங்டன் ரோட்டில் யூஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்கினால் அதை லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள். கரண்ட் இணைப்பு இல்லாத ஹப்பில் செருகினால் டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் மின்சாரம் போதாமல் டிரைவ் துண்டித்துத் துண்டித்து இணையும். பழியை டிஸ்க்மேல் போடுவோம். நல்ல டிஸ்க் என்றால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பூஞ்சை பிடித்ததை முதலில் டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால், நடு ஓட்டையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தரவு வட்டப் பாதையில் எழுதப்பட்டிருக்கிறது. அதே திசையில் கீறல் விழுந்தால் அடுத்தடுத்த தரவெல்லாம் ஒன்றாகப் போய்விடும். குறுக்கே விழும் கீறலை டிரைவின் பிழைதிருத்தம் பெரும்பாலும் சமாளிக்கும்.

மணமக்கள் படம் போட்ட காகித ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க்குகள் தனி வகை. பசை காய்ந்து ஒரு பக்கம் உப்பியிருக்கும். வேகமாகச் சுற்றும்போது டிஸ்க் ஆடும், வெளி விளிம்புப் பகுதியைப் படிக்க முடியாது. தாலி கட்டுவது வரை நன்றாக வந்து, ரிசப்ஷனில் திக்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம், ஏனெனில் டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. ஸ்டிக்கரை உரிக்க முயலாதீர்கள். டிரைவின் வேகத்தை 4x என்ற அளவுக்குக் குறைத்துப் படியுங்கள். அப்படியும் நின்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மீட்பு மென்பொருள் உதவும். செக்டர் (டிஸ்க்கில் தரவின் ஒரு துண்டு) அளவு 2048 பைட், மறுமுயற்சி 3 என்று வையுங்கள். முக்கியமாக மேப் ஃபைல் ஒன்றைக் கட்டாயம் கொடுங்கள். எந்தெந்த செக்டர் விட்டுப்போனது என்று அதில் பதிவாகும். அதே மேப் ஃபைலோடு வேறொரு டிரைவில் அதே டிஸ்க்கைப் போட்டால் விட்டுப்போனதை மட்டும் தேடிப் படிக்கும். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படித்துவிடுவது சாதாரணமாக நடக்கும். இப்படிக் கிடைத்த ஐஎஸ்ஓ ஃபைலை (முழு டிஸ்க்கின் நகல்) மேக்எம்கேவியில் திறந்துகொள்ளலாம்.

இனி இன்டர்லேஸுக்கு வருவோம். நம் ஊர் வீடியோ கேமராக்கள் பால் (PAL) என்ற டிவி முறையில் பதிந்தவை: 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 ஃபிரேம். ஆனால் ஒவ்வொரு ஃபிரேமும் ஒரே கணத்தில் எடுத்த படம் அல்ல. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்திலும், இரட்டைப்படை வரிகள் ஐம்பதில் ஒரு நொடி கழித்தும் எடுத்தவை. ஆக, நொடிக்கு 50 அரைப்படங்கள். பழைய ட்யூப் டிவி அவற்றை அதே வரிசையில் காட்டியது. கம்ப்யூட்டர் இரண்டையும் ஒட்டி ஒரே படமாகக் காட்டும்போது, அசையும் கை இரண்டு இடத்தில் தெரிகிறது. சீப்புப் பல் போன்ற கோடுகள் அங்கிருந்து வருகின்றன. உங்கள் கன்வெர்ட்டர் இதைப் பிரிக்காமலே 1080க்குப் பெரிதாக்கியதால் கோடுகள் பக்கத்து வரிகளோடு கலந்து நிரந்தரமாகிவிட்டன. அந்த ஃபைலை இனிச் சரிசெய்ய முடியாது. மூலத்திலிருந்துதான் திரும்பச் செய்ய வேண்டும். தடுமாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் 30 ஃபிரேம் செட்டிங். 25ஐ 30 ஆக்க, ஒவ்வொரு ஐந்தாவது ஃபிரேமையும் இரண்டு முறை காட்ட வேண்டும். கேமரா மெதுவாகத் திரும்பும்போது கண் அதை உடனே பிடித்துவிடும்.

வீடியோ மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் எம்கேவியைத் திறந்து, ஃபில்டர் பக்கத்தில் இன்டர்லேஸ் டிடெக்‌ஷனை ஆஃப் செய்யுங்கள். அரைப்படங்களைப் பிரிக்கும் டீஇன்டர்லேஸில் பிடபிள்யூடிஃப் (Bwdif), அதன் ப்ரீசெட்டில் (தயாராக உள்ள அமைப்புகளில்) பாப் (Bob). பாப் என்றால் ஒவ்வொரு அரைப்படத்தையும் ஒரு முழுப்படமாக்கும். 50 அசைவும் தப்பாமல் வரும். அடுத்து வீடியோ பக்கத்தில் ஃபிரேம் ரேட்டை 50 என்றும், கான்ஸ்டன்ட் என்றும் வையுங்கள். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஹேண்ட்பிரேக்கின் வழக்கமான ப்ரீசெட்டில் உச்சவரம்பு 30 என்று இருக்கும். பாப் கஷ்டப்பட்டு உண்டாக்கிய 50 படங்களில் இருபதை அது தூக்கி எறிந்துவிடும், தடுமாற்றம் முன்பைவிட அதிகமாகும். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் அனுப்பிய டிஸ்க் என்றால் அது 720க்கு 480 புள்ளி கொண்ட என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறை. அதற்கு 50க்குப் பதில் 59.94.

அரங்கேற்ற வீடியோவில் இதன் பலன் பளிச்சென்று தெரியும். ஜதியை முடிக்கும் தீர்மானத்தில் கால் வேகமாகத் தட்டும்போது 25 ஃபிரேமில் பாதம் மங்கலான தீற்றலாக இருக்கும்; 50ல் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக விழும்.

பாப் போட்டபின் படம் முன்னும் பின்னும் நடுங்கினால் அரைப்படங்களின் வரிசை தலைகீழாக இருக்கிறது என்று பொருள். மினிடிவி (MiniDV) டேப் கேமராக்கள் கீழ் அரைப்படத்தை முதலில் பதியும். எடிட்டிங்கில் அதை மேல் முதல் என்று தவறாகக் குறித்து டிவிடி எழுதிவிடுவது உண்டு. ப்ரீசெட்டில் கஸ்டம் எடுத்து, எந்த அரைப்படம் முதலில் என்று சொல்லும் பேரிட்டி எண்ணை 0, 1 என்று மாற்றி, ஒரு நிமிடத் துண்டை ஓட்டிப் பாருங்கள். எது சரி என்று பார்த்த கணமே தெரிந்துவிடும்.

தர எண்ணைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 576 வரிப் படத்துக்கு ஹேண்ட்பிரேக் பரிந்துரைப்பது ஆர்எஃப் (அதன் தர எண்; குறையக் குறையத் தரம் கூடும்) 18 முதல் 22. வீட்டு வீடியோவுக்கு 18 வையுங்கள். எண் ஆறு கூடினால் ஃபைல் ஏறத்தாழப் பாதியாகும், ஆறு குறைந்தால் இரட்டிப்பாகும்; இந்தக் கணக்கு தெரிந்தால் போதும். ‘இரண்டு மணி நேரம் 700 எம்பிக்குள் அடங்க வேண்டும்’ என்று அளவைக் கட்டிப்போடுவது சிடி காலத்துப் பழக்கம், விட்டுவிடுங்கள். ஆர்எஃப் வைத்தால் பேசிக்கொண்டிருக்கும் காட்சிக்குக் குறைவாகவும், கூட்டமும் பூவும் அசையும் காட்சிக்கு அதிகமாகவும் தானே ஒதுக்கிக்கொள்ளும். வேக ப்ரீசெட் ஸ்லோ போதும். அதைவிட மெதுவானதை எடுத்தால் பெரும்பாலும் நேரம்தான் கூடும். இன்டெல், என்விடியா ஹார்டுவேர் என்கோடர்கள் வேகமானவை, ஆனால் அதே தரத்துக்கு ஃபைல் பெரிதாகும். அறுபது டிஸ்க்கை வரிசையில் போட்டுவிட்டு இரவில் ஓடவிடுபவருக்கு அந்த வேகம் எதற்கு?

ஹெச்.264, ஹெச்.265 இரண்டில் உங்களுக்கு ஹெச்.264. மூலம் பத்திரமாக இருப்பதால் பார்வைப் பிரதிக்கு ஒரே தேவை, எந்த டிவியில் பென்டிரைவைச் செருகினாலும் ஓட வேண்டும் என்பது. டிவிக்கு ஃபைல் எவ்வளவு பாரமாகலாம் என்று வரம்பு வைக்கும் செட்டிங்குகளில் ப்ரொஃபைல் ஹை, லெவல் 4.0. சில மென்பொருள்களில் டிவிடிக்கு என்று லெவல் 3.0 வைத்திருப்பார்கள், இந்த அளவுப் படத்தில் நொடிக்கு 25 ஃபிரேம்தான் அதன் எல்லை. 50க்குக் குறைந்தது 3.1 வேண்டும். ஹெச்.265 எடுப்பதாக இருந்தால், நிறச்சாயல்களை நுணுக்கமாகப் பதியும் 10 பிட் எடுங்கள். ஹோமப் புகை மெல்லப் பரவும் காட்சிகளில் 8 பிட் படம் படிப்படியாகப் பட்டை பட்டையாக உடையும். 10 பிட்டில் அது வெகுவாகக் குறையும்.

1080 வேண்டாம். இல்லாத நுணுக்கத்தை மென்பொருள் கண்டுபிடித்துத் தராது. டிவி தானே திரைக்கு ஏற்றபடி பெரிதாக்கிக்கொள்ளும். 576ஐ அப்படியே விட்டு, படத்தைச் சரியான அகலத்துக்கு விரித்துக் காட்டும் அனமார்ஃபிக்கை ஆட்டோவில் வையுங்கள். ஆட்கள் ஒல்லியாகவும் உயரமாகவும் தெரிந்தால் அகலத்திரையில் எடுத்ததை 4:3 என்று குறித்து எழுதியிருக்கிறார்கள். இதற்கு என்கோட் தேவையே இல்லை: எம்கேவி ஃபைலைத் திருத்தும் மென்பொருளான எம்கேவிடூல்நிக்ஸின் ஹெடர் எடிட்டரில் காட்சி அகலம் 1024, உயரம் 576 என்று மாற்றினால் மூலமே சரியாகிவிடும். 4:3 படத்துக்கு 768, 576.

பழைய விஹெச்எஸ் கேசட்டிலிருந்து டிவிடிக்கு மாற்றியதாக இருந்தால் அடியில் பத்து வரிகள்போலக் கிழிந்த பட்டை ஓடும். கிராப்பை கஸ்டமில் வைத்துக் கீழே மட்டும் வெட்டுங்கள். படத்தில் இரைச்சல் (புள்ளிப்புள்ளியான குறுகுறுப்பு) அதிகம் என்று அதை நீக்கும் டீநாய்ஸை ஏற்றினால் பட்டுப் புடவையின் சரிகை கரைந்து முகங்கள் மெழுகாகும். டீநாய்ஸில் என்எல்மீன்ஸ், அதன் ப்ரீசெட்டில் லைட், அதற்கு மேல் வேண்டாம்.

ஒலி ஏசி3 வடிவில் இருந்தால் பாஸ்த்ரூ, அதாவது மாற்றாமல் அப்படியே. சுருக்காத எல்பிசிஎம் ஒலி என்றால் ஏஏசி வடிவில், பிட்ரேட் 192. ஒலியைக் கூட்டும் கெயினைத் தொடாதீர்கள், கெட்டிமேளம் ஏற்கெனவே கேமரா மைக்கை நிரப்பியிருக்கும்.

அறுபதையும் வரிசையில் போடும் முன் ஒரு சோதனை. கல்யாண டிஸ்க்கில் அட்சதை போடும் இடத்தைத் தேடி, ரேஞ்ச் பகுதியில் விநாடிகளைக் கொடுத்து ஒன்றரை நிமிடம் மட்டும் என்கோட் செய்யுங்கள். பறக்கும் அரிசி, ஃபோட்டோ ஃபிளாஷ், புகை, சரிகை, நெருக்கியடிக்கும் கூட்டம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். என்கோடருக்கு இதைவிடக் கடினமான பரீட்சை இல்லை. கம்ப்யூட்டரில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பென்டிரைவில் போட்டு, வீட்டு டிவியில், வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்து பாருங்கள். அட்சதை ஒவ்வொரு மணியாக விழுந்தால் செட்டிங் சரி. கட்டம் கட்டமாகக் குழம்பினால் ஆர்எஃப்பை 16 ஆக்குங்கள்.

கடையில் வாங்கிய சினிமா டிஸ்க்குகள் இந்தக் கணக்கில் வரா. அவற்றில் பெரும்பாலும் பூட்டு உண்டு, ஹேண்ட்பிரேக் அதைத் தானாகத் திறக்காது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு அப்பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. வீடியோக்காரர் எழுதிய டிஸ்க்கில் பூட்டு இருக்காது.

ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். 2005 ஜூலை 26 வெள்ளத்தைப் பார்த்த மும்பைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காப்பி செய்தபின் இரண்டு பக்கமும் எஸ்ஹெச்ஏ-256 எண்ணை (ஃபைலின் கைரேகை போன்றது; பிரதி சரியென்றால் இரண்டும் ஒன்றாக இருக்கும்) ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸிலேயே செர்ட்யூட்டில் கட்டளை இருக்கிறது.

கம்ப்யூட்டரில் காலியாகக் காட்டும் டிஸ்க் ஏதாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டு ரெக்கார்டரிலோ, சின்ன 8 சென்டிமீட்டர் டிஸ்க் போடும் ஹேண்டிகேமிலோ பதிந்துவிட்டு ஃபைனலைஸ் செய்ய (மற்ற கருவிகளும் படிக்கும்படி பதிவை முடித்து வைக்க) மறந்ததாக இருக்கலாம். பதிந்த அதே கருவி உயிரோடு இருந்தால் அதில் போட்டு மெனுவில் ஃபைனலைஸ் கொடுங்கள். அது இல்லையென்றால் ஐசோபஸ்டர் போன்ற மீட்பு மென்பொருளில் முயலுங்கள். 8 சென்டிமீட்டர் டிஸ்க்கை உறிஞ்சி இழுக்கும் ஸ்லாட் டிரைவில் மட்டும் போட வேண்டாம், வெளியே வராது. தட்டு நீளும் டிரைவில், உள்வட்டப் பள்ளத்தில் வைத்துப் படியுங்கள்.