வால் அடியில் இறகு இல்லை

கேள்வி: பட்டியில் 11 நாட்டுக்கோழிகள். இரண்டுக்கு வால் அடியில் இறகே இல்லை; மற்றவை அங்கேயே கொத்துகின்றன. என்ன செய்வது?
– வாசகி, காங்கேயம்

பதில்: ரத்தம் தெரியும் கோழியை இன்றே தனியாக அடைத்துவிடுங்கள், அம்மணி. சிவப்பைக் கண்டால் மற்றவை விடாது. வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசுங்கள். இரவில் டார்ச் அடித்து, கோழி அடையும் கட்டையின் இடுக்கைப் பாருங்கள். பகலில் அங்கே ஒளிந்திருக்கும் பொடி உண்ணி, இருட்டியதும் ரத்தம் குடிக்க வரும். இது தெரியாமல் நான் ஒரு மாதம் சேவலைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்!

வெறும் சோளமும் கம்பும் போதாது. இறகு என்பதே பெரும்பாலும் புரதம்தான். பூசணம் பிடிக்காத கடலைப் புண்ணாக்கு சேருங்கள். கீரைக் கொத்தை எட்டிக் கொத்தும் உயரத்தில் கட்டினால், அலகுக்கு வேறு வேலை கிடைத்துவிடும்.