ஊட்டி வழக்குக்கு ஊட்டி வக்கீல்

தம்பி, டொராண்டோவுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் உங்களுக்கு இப்படி ஒரு பாரம். அண்ணனும் அண்ணியும் இல்லை. அவர்களுடைய எட்டு வயது மகள் குன்னூரில் உங்கள் அம்மாவிடம் வளர்கிறாள். கோத்தகிரிப் பக்கம் அவளுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. ‘நானே கார்டியன் ஆக வேண்டும், கோயம்புத்தூரில் பெரிய வக்கீலாகப் பிடிக்கலாமா?’ என்று கேட்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம்.

பெரிய வக்கீல் கதை எனக்குத் தெரியும். அக்கா இறந்தபோது அவள் மகனுக்குப் பத்து வயது, தகப்பனும் முன்பே போய்விட்டார். நான் இங்கிருந்தபடியே பெயரைக் கேட்டு மயங்கி, சமவெளி வக்கீல் ஒருவருக்கு வக்காலத்து கொடுத்தேன். மனிதர் ஒரு முறைகூட மலையேறவில்லை. ஜூனியர் வருவார், இல்லையென்றால் மலைப்பாதையில் பர்லியாறு அருகே மண் சரிந்துவிட்டது என்று தகவல் வரும். வாய்தா. என் அம்மா கோத்தகிரியிலிருந்து முதல் பஸ் பிடித்து, சால்வையும் பிளாஸ்க்கில் டீயுமாக நீதிமன்றத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்து, அடுத்த தேதியை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார். ஆறு வாய்தா கழித்து, அதே தாழ்வாரத்தில் பழக்கமான குமாஸ்தா ஒருவர் கைகாட்டிய ஊட்டி வக்கீலிடம் மாற்றினோம். முதல் வக்கீலிடம் ‘ஆட்சேபம் இல்லை’ என்று கையெழுத்து வாங்கவே இரண்டு மாதம் இழுத்தது.

1890ஆம் ஆண்டுக் காப்பாளர் (கார்டியன்) சட்டப்படி, பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த மாவட்ட நீதிமன்றத்தில்தான் மனு. குன்னூருக்கு அது ஊட்டி. (கொடைக்கானல்காரர்கள் பாவம், திண்டுக்கல்வரை இறங்க வேண்டும்.) அதே சட்டத்தில், நீதிமன்ற எல்லைக்குள் வசிப்பதை விட்டுவிட்ட காப்பாளரை நீக்கவும் இடம் இருக்கிறது. டொராண்டோவில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவுக்கு எதற்கு அந்த வம்பு? உங்கள் அம்மா மனுதாரராக இருக்கட்டும். நீங்கள் சம்மதப் பத்திரம் எழுதி, இங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் அம்மாவை ஊட்டியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சொந்தமாக வக்கீல் வைப்பதென்றால், நீதிமன்ற வழக்கு விவரங்களைப் பார்க்க உதவும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் நீலகிரியைத் தேர்ந்தெடுத்து அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அந்த நீதிமன்றத்தில் அவருக்கு வழக்குகள் நடக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். மனு பதிவாகி எண் விழுந்ததும், அந்த வழக்குக்கே உரிய பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணை மறக்காமல் வாங்குங்கள். அதை வைத்து அதே தளத்தில், அடுத்த வாய்தா எப்போது என்று யாரையும் கெஞ்சாமல் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இது என் சொந்தப் பரீட்சை. ‘ஆர்டர் வந்த பிறகு தோட்டத்தை விற்கலாமா?’ என்று வக்கீலிடம் சும்மா கேட்டுப் பாருங்கள். ‘தாராளமாக’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நீதிமன்றம் நியமித்த காப்பாளர், மைனரின் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ தனியாக அனுமதி பெற வேண்டும். இதைத் தானாகச் சொல்கிற வக்கீலை விடாதீர்கள்.

எங்கள் வழக்கில் நீதிபதி பையனை அருகில் கூப்பிட்டு, யாரிடம் இருக்க விருப்பம் என்று கேட்டாராம். அவன் என் அம்மாவின் சால்வை நுனியை விடாமலே, “பாட்டிகிட்ட” என்றானாம். உங்கள் அண்ணன் மகளையும் கேட்கக்கூடும். அவள் என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டில் யாரும் பாடம் நடத்தாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.