ஊற்றுநீர் உவர்ந்த பின் அமைதிக் கூட்டத்தில் கையெழுத்திடலாமா?

கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். இராமநாதபுரம் மாவட்டக் கடலோரக் கிராமம் ஒன்றில், பக்கத்து இறால் பண்ணையிலிருந்து வெளியேறும் நீரால் குடிநீர் ஊற்று உவர்ந்துவிட்டது. ஊரார் மறியல் செய்ததைத் தொடர்ந்து வட்டாட்சியர் இரு தரப்பையும் அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அழைத்திருக்கிறார். அங்கே போய் ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாமா, அல்லது நேரே சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதுதான் சரியா?

கூட்டத்துக்குப் போகலாம், போகவும் வேண்டும். ஆனால் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காகத் தீர்ப்பாயத்தின் காலவரம்பு உங்களுக்காகக் காத்திருக்காது. எங்கள் ஊர் இதைத் தெரியாமல் ஏமாந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட கரையோர ஊர் ஒன்றில் பிறந்தவள். இப்போது சட்டம் சார்ந்த தன்னார்வத் தொண்டராக இருக்கிறேன். மணலில் முழங்கை ஆழம் தோண்டி, ஊறிவரும் நீரைச் சிரட்டையால் மொண்டு, ஒரு குடம் நிறையும்வரை உட்கார்ந்திருப்பதுதான் எங்கள் ஊர்ப் பெண்களின் விடியற்காலை வேலை. பத்தாண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில் எங்கள் வீட்டில் துவரம்பருப்பு வேகவில்லை. அம்மா பருப்பின் மேல்தான் குறை என்று நினைத்து, கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கிவந்தார். அதுவும் இரண்டு மணி நேரம் கொதித்த பிறகும் முழுசாகவே கிடந்தது. பங்குனி வருவதற்குள் நாக்கில் வைத்தாலே உப்புத் தெரிந்தது. பண்ணையில் அறுவடை முடிந்து குளத்து நீரைத் திறந்துவிட்ட வாய்க்கால், எங்கள் ஊற்றுக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் ஓடியது.

அமைதிக் கூட்டம் சித்திரையில் நடந்தது. எங்கள் தரப்பில் கிராமக் கமிட்டித் தலைவரும், நான்கு பெரியவர்களும், எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்ற முறையில் நானும் போயிருந்தோம். இரண்டு மணி நேரம் பேசினோம். முடிவில் எழுத்தர் எழுதிய வாசகம் இவ்வளவுதான்: “இரு தரப்பினரும் சுமுகமாகப் பேசி ஒத்துக்கொண்டனர், பண்ணை நிர்வாகம் உரிய நடவடிக்கை எடுக்கும்.” எந்த நடவடிக்கை, எந்தத் தேதிக்குள், செய்யாவிட்டால் என்ன என்ற மூன்றும் அதில் இல்லை. அன்றைக்கு எங்களுக்கு அது வெற்றியாகத் தெரிந்தது. அதிகாரிக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தோம். ஐப்பசி வரை எதுவும் மாறாததால் ஒரு வழக்கறிஞரிடம் போனபோது, அவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, “உப்பு முதலில் எப்போது தெரிந்தது?” என்பது. தை என்றேன். அவர் விரல் விட்டு எண்ணிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

அவர் எண்ணியது இதைத்தான். தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010-இன் 14ஆம் பிரிவின்படி, சுற்றுச்சூழல் தொடர்பான வழக்கை, அதற்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும்; அதற்கு மேல் தீர்ப்பாயமே நினைத்தாலும் தர முடியாது. இடையில் வட்டாட்சியர் முன்னிலையில் எத்தனை கூட்டம் நடந்தாலும் அந்த நாட்கள் கணக்கிலிருந்து கழியாது. எங்களுக்கு மிஞ்சியது 15ஆம் பிரிவு மட்டுமே. மாசினால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு, சேதமுற்ற சுற்றுச்சூழலை மீட்டெடுத்தல் ஆகியவற்றைக் கேட்க அந்தப் பிரிவு ஐந்து ஆண்டு அவகாசம் தருகிறது. இந்த இரண்டு பிரிவுகளின் வேறுபாட்டை மறியல் தொடங்கிய நாளிலேயே யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால், ஊர் இரண்டு கோடைகளைத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தே கழித்திருக்காது.

இனி, மூன்றாமவர் ஒருவர் இடையிலிருந்து பேசித் தீர்த்துவைக்கும் சமரசம் என்ற வழியின் எல்லையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாடாளுமன்றம் 2023-இல் இயற்றிய சமரசச் சட்டத்தின் முதல் அட்டவணை, சமரசத்துக்கு உகந்தவை அல்லாத தகராறுகளைப் பட்டியலிடுகிறது. பசுமைத் தீர்ப்பாயத்தின் அதிகார வரம்புக்குள் வரும் விவகாரங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வழக்கில் தரப்பினராக இல்லாத பலருடைய நலன் அடங்கிய பிரதிநிதித்துவ வழக்குகள் சமரசத்துக்குப் பொதுவாக ஏற்றவை அல்ல என்று உச்ச நீதிமன்றமும் 2010-இல் அஃப்கான்ஸ் வழக்கில் கூறியிருக்கிறது. இதற்கான காரணத்தை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். கமிட்டித் தலைவர் ஒருவர் கையெழுத்துப் போட்டு அடுத்த ஊரின் ஊருணியை விட்டுக்கொடுக்க முடியாது. சிரட்டையோடு உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருவரைக்கூட நாங்கள் அந்தக் கூட்டத்துக்கு அழைத்துப் போகவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. வட்டாட்சியர் நடத்தும் அமைதிக் கூட்டத்தின் நோக்கம் சாலையில் மறியல் நடக்காமல் பார்த்துக்கொள்வது. அது நியாயமான நோக்கம்தான் என்றாலும், அதில் எழுதப்படும் தாள் நீதிமன்ற ஆணைக்குச் சமமாகாது.

ஆனாலும் பேச்சுவார்த்தையே வீண் என்று யாராவது சொன்னால் நான் மறுப்பேன். பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுகள் மற்ற நாட்களும் கடலுக்குப் போகும் ஏற்பாடு, சண்டையும் வலையறுப்பும் நடந்த காலத்துக்குப் பிறகு பேசிப் பேசி உருவானது. மீறல்கள் உண்டு, மனக்கசப்புகளும் உண்டு. இருந்தும் திங்கள், புதன், சனி என்ற கணக்கு இராமேசுவரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை ஆகிய கடற்பாசிகளை எடுக்கும் பெண்கள், 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பின் தங்கள் பிழைப்புக்காகப் பல ஆண்டுகள் பேசியும் போராடியும்தான் நிற்கிறார்கள். இரு தரப்பும் அதே கடலை நம்பி வாழ்பவர்களாக, நாளைக்கும் ஒரே கரையில் முகம் பார்க்க வேண்டியவர்களாக இருந்தால் பேச்சு நிலைக்கும். ஒருவர் கையில் மோட்டாரும் மற்றவர் கையில் குடமும் இருக்கும் இடத்தில், பேச்சுக்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்க வேண்டும்.

இறால் பண்ணைக்கு அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. 2023-இல் அது திருத்தப்பட்டது. பண்ணைகளை ஆய்வு செய்யவும், மாசு ஏற்படுத்தும் பண்ணையை, அதை நடத்துபவரைக் கேட்டறிந்த பின் அகற்ற ஆணையிடவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். நடத்துபவரைக் கேட்ட பின் என்றுதான் சட்டம் சொல்கிறது. பாதிக்கப்பட்டவரைக் கேட்ட பின் என்று அது தானாகச் சொல்லவில்லை. ஆகையால், “எங்களையும் விசாரணைக்கு அழைக்க வேண்டும்” என்று சென்னையில் உள்ள ஆணையத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் பதிவு அஞ்சலில் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். நாங்கள் அப்படி எழுதியதால்தான் இரண்டாவது விசாரணைக்கு அழைக்கப்பட்டோம். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி ஆட்சியர் தலைமையில் அமையும் மாவட்டக் குழுவில், பாரம்பரியக் கடலோரச் சமூகங்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டக் குழுவில் அந்த மூவர் யார் என்று கேட்டு, அவர்களிடமும் மனுவின் நகலைக் கொடுங்கள்.

விசாரணை என்பது பெரும்பாலும் தாள்களால் நடப்பது. நீங்கள் பாட்டிலில் கொண்டுபோகும் ஊற்றுநீர் அதிகாரியின் மனத்தைத் தொடலாம். சட்டத்தின் முன் அது சான்றாக நிற்பது கடினம். 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் பண்ணையின் கழிவுநீரை மாதிரி எடுக்கும்போது, பண்ணைத் தரப்புக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இது பிசகினால் பிறகு எந்த அறிக்கையையும் எளிதில் தட்டிவிடுவார்கள். ஊற்றுநீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். நீரில் கரைந்த திடப்பொருள் (உப்பு முதலானவை) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்புடையது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. எங்கள் ஊற்று அந்த மேல் எல்லையையும் தாண்டியிருந்தது. அந்த ஒற்றைத் தாள், மறியலில் நின்ற இருநூறு பேர் செய்யாததைச் செய்தது.

இரண்டாவது விசாரணை முடிந்து எல்லோரும் எழுந்தபோது, எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் மட்டும் எழவில்லை. “ஐயா, எழுதினதை ஒரு தடவை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க” என்றார். எழுத்தர் வாசித்தார். “விரைவில்” என்றிருந்த இடத்தில் அவர் தேதி கேட்டார். “உரிய இடத்தில்” என்றிருந்த இடத்தில் சர்வே எண் கேட்டார். அரை மணி நேரம் ஆயிற்று. கழிவுநீர்த் தேக்கக் குளம் எந்த நாளுக்குள் வெட்டப்படும், வாய்க்கால் எந்தப் பக்கம் திருப்பப்படும், அதுவரை தினமும் எத்தனை குடம் தண்ணீர் வரும் என்பதெல்லாம் எழுத்தில் ஏறின. ஊற்று மறுபடி இனிக்க மூன்று மழைக்காலம் ஆனது.

இன்னொன்று, செலவைப் பற்றியது. இழப்பீடு கோராத மனுவுக்குப் பசுமைத் தீர்ப்பாயக் கட்டணம் 1,000 ரூபாய். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்பதற்காகப் பின்வாங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானத்தைப் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தண்ணீர் எடுப்பவர்களும் உப்பை முதலில் உணர்ந்தவர்களும் பெண்கள்தான் என்பதால், மனு அவர்கள் பெயரிலேயே இருப்பது உண்மைக்கும் பொருத்தம், சட்டத்துக்கும் வசதி.

ஆகவே கூட்டத்துக்குப் போங்கள், பெண்களில் இருவரையாவது அழைத்துப் போங்கள். தேதி இல்லாத வாசகத்தில் கையெழுத்திட வேண்டாம். நகல் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அன்றே விண்ணப்பியுங்கள். அதே வாரத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து, தீர்ப்பாயத்துக்கான மனுவைத் தயார் நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊற்றில் உப்பு முதலில் தெரிந்தது எந்த மாதம் என்று கேள்வியில் நீங்கள் எழுதவில்லை. அதைக் கீழே குறிப்பிடுங்கள். இன்னும் எத்தனை நாள் மீதி இருக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.