பூநாரைக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் தலவாக்கலையிலிருந்து கதிர்காமம் போகிறோம், பெரியவர் சிறியவர் சேர்த்து பதினாலு பேர். வழியில் பிள்ளைகளுக்கு புந்தல சரணாலயத்தில் பறவை காட்ட ஆசை. வேன் பிடித்துக் கொடுத்தவர் "டிக்கெட், ஜீப், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே பெக்கேஜ், பூநாரை கட்டாயம் பார்க்கலாம்" என்று அட்வான்ஸ் கேட்கிறார். என் மாமியாரோ, காட்டு வழியாகக் கதிர்காமம் போனால் டிக்கெட்டே கிடையாது, தான் போயிருக்கிறேன் என்கிறார். தமிழ்நாட்டுக் கூடலூரிலிருந்து சித்தப்பாவும் வருகிறார். என்ன செய்யலாம்?
- ஓர் ஆசிரியை

டீச்சர், முதலில் அந்த அட்வான்ஸைக் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

"பூநாரை கட்டாயம்" என்று யார் சொன்னாலும் அவருக்குப் பூநாரையைப் பற்றித் தெரியாது. புந்தல 1990இல் இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலமானது, அதாவது உலக அளவில் முக்கியமென்று சர்வதேச உடன்படிக்கையில் பதிவானது. ஒரு காலத்தில் அங்கே பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்தன என்பது உண்மைதான். 1980களில் கிரிந்தி ஓயா ஆற்றை மறித்து லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் கட்டினார்கள். வயல்களிலிருந்து வடியும் நன்னீர் புந்தலயின் மலல, எம்பிலிகல களப்புகளில், அதாவது கடலோர உப்புநீர் ஏரிகளில், போய் விழுந்தது. உப்புக் குறைந்தால் பூநாரை தின்னும் சின்ன உயிரிகளும் குறையும். சாப்பாடு இல்லாத வீட்டில் விருந்தாளி தங்குவாரா? இப்போது பெருங்கூட்டம் பார்க்க வேண்டுமானால் மன்னார்ப் பக்கம், வங்காலைக்குத்தான் போக வேண்டும். அங்கே தெருவோரம் நின்றே பார்க்கலாம், காசும் இல்லை. ஆனால் அது வேறு பயணம், கதிர்காமத்தோடு சேராது.

அதற்காகப் புந்தலயைக் கைவிட வேண்டாம். மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், சிவப்புக் காலை நீட்டி நடக்கும் நெடுங்கால் உள்ளான், கரையில் முதலை என்று பிள்ளைகள் பார்க்க நிறைய உண்டு. அதிர்ஷ்டம் இருந்தால் யானையும் வரும். வடக்கேயிருந்து வரும் வலசைப் பறவைகள் டிசம்பரில் வந்து சேர்ந்திருக்கும். ஒரு சங்கடம், அந்த மாதம் அங்கே மழை. களப்பு நிரம்பி ஆழமானால் நடந்து மேயும் பறவைகள் சிதறிவிடும். பெப்ரவரியில் தண்ணீர் வற்றும்போது கூட்டமாகப் பார்க்கலாம். உங்கள் விடுமுறை டிசம்பரில்தான், அதற்கு நான் என்ன செய்ய?

இனி பணம். வாசலில் வனஜீவராசிகள் திணைக்களம் ஆளுக்கு ஒரு கட்டணம், வாகனத்துக்கு ஒரு கட்டணம், மேலே வரி என்று வாங்கும். உள்ளூர்க்காரருக்கு அது பெரிய தொகை அல்ல. செலவெல்லாம் ஜீப்புக்குத்தான், தரகர் விளையாடுவதும் அதில்தான். ஒரு ஜீப்பில் ஆறு பேர் வசதியாக உட்காரலாம். பதினாலு பேருக்கு மூன்று ஜீப். "இரண்டு போதும்" என்பவர் பிள்ளைகளை மடியில் வைக்கச் சொல்லப் போகிறார். நீங்கள் போகும் வேன் அந்த மண் ரோட்டுக்கு லாயக்கில்லை.

பக்கத்திலுள்ள திஸ்ஸ (திஸ்ஸமகாராம) டவுனுக்குள் நுழைந்ததும் மோட்டார் சைக்கிளில் ஒரு பையன் வேனை விரட்டிக்கொண்டு வருவான். "கவுண்டர் பூட்டிவிட்டார்கள், டிக்கெட் என்னிடம் இருக்கிறது" என்பான். நிற்காதீர்கள். ஒருமுறை என்னோடு வந்த குடும்பம் ஒன்று நான் சொல்லியும் கேட்காமல் இப்படி ஏறியது. காட்டோர ரோட்டில் ஒரு மணி நேரம் சுற்றி, நாலு மயிலைக் காட்டி இறக்கிவிட்டார்கள். சரணாலய வாசலையே அவர்கள் பார்க்கவில்லை! ஜீப்காரரிடம் வாடகையை மட்டும் பேசுங்கள், டிக்கெட்டை நீங்களே கவுண்டரில் வாங்கி ரசீதைக் கையில் வையுங்கள்.

பெரியவர்கள் எல்லோரும் அடையாள அட்டை கொண்டு வர வேண்டும். சித்தப்பா கடவுச்சீட்டை எடுத்து வரட்டும். அவருக்கு வெளிநாட்டவர் கட்டணம், டாலர் கணக்கு. சார்க் (தெற்காசிய) நாட்டுக்காரருக்கான குறைந்த கட்டணம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். இந்த மலையில் பிறந்து, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன மனிதர் சொந்த நாட்டுக் கொக்கைப் பார்க்க டாலர் கட்ட வேண்டியிருக்கிறது. கவுண்டரில் இதைச் சொல்லிப் பயனில்லை, நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தமிழில் விளக்கம் சொல்ல ஆள் இருக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு வாசலில் நான் தமிழ்த் துண்டுப்பிரசுரம் கேட்டதற்கு "அடுத்த முறை" என்றார்கள். நான் அடுத்த முறையும் போனேன், அதற்கடுத்த முறையும் போனேன்.

உங்கள் மாமியார் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்வது பாதயாத்திரை. கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி, ஆண்டின் நடுவில், உகந்தை முருகன் கோயிலருகே காட்டுப் பாதையைச் சில நாட்களுக்குத் திறப்பார்கள். குமண, யால காடுகளைக் கடந்து பக்தர்கள் நடந்தே கதிர்காமம் சேர்வார்கள். அது சாமிக்காகக் கொடுத்த வழி. நடந்து போகிறவருக்கு மட்டும், கூட்டமாக மட்டும், அந்த நாட்களில் மட்டும். தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அறிவிப்பைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். டிசம்பரில் போய் "நாங்கள் கதிர்காம யாத்திரைக்காரர்" என்றால் விடமாட்டார்கள். வேனில் இருந்துகொண்டு சொன்னால் சிரிப்பார்கள். விபூதி பூசியிருந்தாலும் அதே கதைதான். வருடத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

எல்ல, வெல்லவாய வழியாக இறங்கி முதல் நாளே திஸ்ஸவில் தங்குங்கள். காலை ஆறு மணிக்கு வாசலில் நின்றால் ஒன்பதரைக்குள் பார்த்து முடித்துவிடலாம், வெயிலும் ஏறியிருக்காது. கழிப்பறை வேலையை வாசலிலேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், உள்ளே நினைத்த இடத்தில் இறங்க விடமாட்டார்கள். ஜீப்பின் படி உயரம், குலுக்கலும் அதிகம். மாமியாருக்கு முழங்கால் வலி ஏதும் இருந்தால் அவரைத் திஸ்ஸ குளக்கரையில் ஒரு மர நிழலில் உட்கார வையுங்கள். கொக்கும் கூழைக்கடாவும் அங்கேயே வரும், டிக்கெட் இல்லாமல்.