கள்ளன் யார்? ஆன்லைன் மறைவேட விளையாட்டுகள்: கேள்வி பதில்

சோஷியல் டிடக்‌ஷன் கேம் என்றால் கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் கள்ளனைப் பேச்சையும் ஓட்டையும் வைத்துக் கண்டுபிடிக்கும் ஆட்டம். பல வருடங்களாக இவற்றை ஆடியும் நடுவராக இருந்து நடத்தியும் வருகிறேன். "எது எளிது, எது கஷ்டம்?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கேள்வி: அண்ணா, நான் அமாங் அஸ் மட்டும்தான் ஆடியிருக்கிறேன். டவுன் ஆஃப் சேலத்தில் 30 ரோலுக்கு (ஆளுக்கு ஒன்றாக ரகசியமாகக் கிடைக்கும் பாத்திரம்) மேல் இருக்கிறதாமே, அதுதான் ரொம்பக் கஷ்டமா?

ரோல் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படாதே தம்பி. அது மனப்பாட வேலை, ஒரு வாரம் ஆடினால் வந்துவிடும். நான் கஷ்டத்தை வேறு மாதிரி அளப்பேன்: உன் கையில் கிடைத்த ஒரு தகவல் பொய்யாகிப்போக எத்தனை வழி இருக்கிறது?

2018இல் அமாங் அஸ் வந்தபோது, ஒருவன் வென்ட்டுக்குள் (காற்றுக்குழாய்) இறங்குவதைப் பார்த்துவிட்டால் கதை முடிந்தது, அவன்தான் இம்போஸ்டர், அதாவது கள்ளன். 2021 நவம்பரில் நல்லவர் பக்கத்து இன்ஜினியர் ரோல் வந்தது. அவரும் வென்ட்டில் இறங்கலாம் என்பதால், அதே காட்சிக்கு இரண்டு அர்த்தம் வந்துவிட்டது. ஒரே ஒரு ரோல்தான், ஆனால் ஆட்டம் எவ்வளவு மாறிவிட்டது பார்.

டவுன் ஆஃப் சேலத்தில் இது முதல் இரவிலேயே ஆரம்பிக்கும். ஊர்ப் பக்கத்துத் துப்பறிவாளரான ஷெரிஃப் ஒருவரைச் சோதித்து "சந்தேகம்" என்று வந்தால், கள்ளர் கூட்டத்து ஃப்ரேமர் அவரை மாட்டிவிட்டிருக்கலாம். "சந்தேகம் இல்லை" என்று வந்தால், அவர் சோதனையில் சிக்காத கள்ளர் தலைவரான காட்ஃபாதராகவே இருக்கலாம். ஷெரிஃப் என்று சொல்லிக்கொள்பவரே பொய் சொல்லவும் கூடும். இதற்கு நடுவில் ஜெஸ்டர் வேறு. ஊர் தன்னைத் தூக்கில் போட்டால்தான் அவருக்கு ஜெயம், அதனால் வேண்டுமென்றே முழிப்பார். "திருட்டு முழி முழிக்கிறான், ஓட்டுப் போடு" என்ற நம் பழைய வித்தை அங்கே எடுபடாது. கஷ்டம் இங்கேதான் இருக்கிறது, ரோல் பட்டியலின் நீளத்தில் இல்லை.

கேள்வி: அப்படியானால் ரோல் எதுவும் இல்லாத வெறும் மாஃபியாதான் எளிதா?

விதி எளிது, ஆடுவது கஷ்டம். இரவில் மாஃபியாக் கூட்டம் ஒருவரைக் கொல்லும், பகலில் எல்லோரும் ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியேற்றுவார்கள். 1986இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைச் சேர்ந்த டிமிட்ரி டவிடாஃப் உருவாக்கிய ஆட்டம் இது. 1997இல் ஆண்ட்ரூ ப்ளாட்கின் அதை ஓநாய்க் கதையாக (வேர்வுல்ஃப்) மாற்றினார், மாஃபியாவின் இடத்தில் ஓநாய்கள். இரவில் ஆட்களைச் சோதிக்கும் துப்பறிவாளரை எடுத்துவிட்டால் ஊர்க்காரர்களிடம் மிஞ்சுவது யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள், யார் எப்போது வாயை மூடிக்கொண்டார்கள் என்பது மட்டும்தான். புதியவர்களுக்கு அதில் பிடிமானமே கிடைக்காது.

கணக்கும் இதையே சொல்கிறது. ப்ரேவர்மன், எடெசாமி, மோசல் என்ற மூவர் 2008இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். துப்பறிவாளர் இல்லாத ஆட்டம் சமமாக இருக்க, மாஃபியா எண்ணிக்கை மொத்த ஆட்களின் வர்க்கமூலத்தை ஒட்டி இருந்தால் போதும். அதாவது ஆட்கள் 4 மடங்கானால் மாஃபியா 2 மடங்கானால் போதும். ஒரே ஒரு துப்பறிவாளரைச் சேர்த்துவிட்டால், ஆட்கள் 4 மடங்காகும்போது மாஃபியாவும் 4 மடங்காக வேண்டும். ஒரு சிறுபான்மைக்கு எல்லாம் தெரிந்திருப்பதும் மற்றவர்களுக்கு எதுவுமே தெரியாமல் இருப்பதும் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

கேள்வி: சின்ன வயதில் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு "ராஜா ராணி திருடன் போலீஸ்" ஆடுவோமே, அதுவும் இந்த வகையா?

ஆமாம், சொந்தம்தான். சீட்டில் ரோல் மறைந்திருக்கிறது, திருடன் முகத்தை வைத்து ஏமாற்றப் பார்க்கிறான். ஆனால் போலீசுக்கு ஒரே யூகம்தான், அதோடு சுற்று முடிந்துவிடுகிறது. போலீஸ் யூகிக்கும் முன் எல்லோரையும் ஒரு நிமிடம் பேசவிடுங்கள். குழந்தைகளை இந்த ஆட்டங்களுக்குள் கொண்டுவர அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கேள்வி: எனக்குக் கணக்கு பிடிக்கும், சத்தமாகப் பேசிச் சண்டை போட வராது. எதை ஆடலாம்?

ரெசிஸ்டன்ஸ், அப்புறம் அதன் தம்பி அவலான். 5 பேர், அதில் 2 பேர் உளவாளிகள். நீங்கள் நல்லவர் என்றால், மற்ற 4 பேரில் உளவாளி ஜோடி 6 விதமாக அமையலாம். முதல் பணிக்கு 2 பேர் போய், ஆளுக்கொரு வெற்றிச் சீட்டோ தோல்விச் சீட்டோ மறைவாகப் போடுகிறார்கள். தோல்விச் சீட்டை உளவாளி மட்டும்தான் போட முடியும், ஒன்று விழுந்தாலே பணி தோற்கும். நீங்கள் போகாமல் பணி தோற்றால் 6 என்பது 5 ஆகும். நீங்களும் போய் ஒரு தோல்விச் சீட்டு விழுந்தால், கூட வந்தவர் உளவாளி, அவருக்குத் துணை மீதி 3 பேரில் ஒருவர். ஒரே அடியில் 6 என்பது 3 ஆகிவிட்டது. பணி ஜெயித்தால்? அதே 6தான், ஏனென்றால் உளவாளியும் வெற்றிச் சீட்டுப் போடலாம். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. "நாங்கள் ஜெயித்தோம், ஆகவே இவர் நல்லவர்" என்று நம்பிவிடுவார்கள்.

ஆன்லைனில் ஆடும்போது ஒவ்வொரு ஓட்டும் திரையில் பதிவாகியிருக்கும், அதனால் அமைதியானவர்களுக்கு இது நல்ல களம். அவலானில் மெர்லின் என்ற நல்லவர் ரோல் வந்ததும் கணக்கு இன்னொரு திருப்பம் எடுக்கிறது. அவருக்குக் கெட்டவர்கள் யார் என்று தெரியும். ஆனால் நல்லவர்கள் 3 பணிகளை ஜெயித்த பிறகும், கெட்டவர் பக்கத்துக் கொலையாளி மெர்லினைச் சரியாகக் கைகாட்டிவிட்டால் எல்லாம் போச்சு. உண்மை தெரிந்தவர் தெரியாதவர் போல நடிக்க வேண்டும். என் கணக்கில் இந்த வகையிலேயே மிக அழகான யோசனை இதுதான்.

கேள்வி: சீக்ரெட் ஹிட்லரில் அதிர்ஷ்டம் அதிகம் என்கிறார்களே?

அந்த அதிர்ஷ்டம் தேவையான ஒன்று. நல்லவர்களான லிபரல்களும் ஒளிந்திருக்கும் ஃபாசிஸ்ட்களும் சட்டச் சீட்டுகளை நிறைவேற்றும் ஆட்டம் இது. சீட்டுக்கட்டில் 17 சீட்டு, 11 ஃபாசிஸ்ட், 6 லிபரல். தலைவர் 3 எடுத்து, ஒன்றை மறைவாகக் கழித்து, மீதி 2ஐச் சான்சலரிடம் கொடுப்பார், அவர் அதில் ஒன்றை நிறைவேற்றுவார். முதல் முறையே மூன்றும் ஃபாசிஸ்டாக வர ஏறக்குறைய 24 சதவீத வாய்ப்பு. ஆக "எனக்கு மூன்றும் அதுதான் வந்தது" என்பது நல்லவர் வாயிலிருந்தும் வரும், கெட்டவர் வாயிலிருந்தும் வரும். பொய் சொல்லத் தெரியாதவருக்கு ஆட்டமே ஒரு சாக்கைக் கொடுத்துவிடுகிறது. பொய் சொல்லத் தயங்குகிறவர்கள் இதில் பழகலாம்.

கேள்வி: ப்ளட் ஆன் தி க்ளாக்டவர் ஏன் மலை போலத் தெரிகிறது?

அங்கே உங்களையே நீங்கள் நம்ப முடியாது. தொடக்கநிலைத் தொகுப்பான ட்ரபிள் ப்ரூயிங்கில் 22 பாத்திரங்கள்தான். ஆனால் அதில் குடிகாரர் ஒருவர் உண்டு. அவருக்குத் தான் குடிகாரர் என்று தெரியாது, வேறு நல்ல ரோல் தன்னிடம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார், அவருக்கு வரும் தகவல் பொய்யாக இருக்கலாம். எம்பாத் என்பவருக்கு, உயிரோடு இருக்கும் தன் இரு பக்கத்து ஆட்களில் எத்தனை பேர் கெட்டவர் என்று இரவில் சொல்லப்படும். "1" என்று வந்தால்? உண்மையாக இருக்கலாம். நீங்களே குடிகாரராக இருக்கலாம். அன்று உங்களுக்கு விஷம் வைத்திருக்கலாம், அப்போதும் தகவல் பொய்யாகலாம். பக்கத்தில் இருப்பவர் ரெக்லூஸாக, அதாவது நல்லவராக இருந்தும் கெட்டவராகத் தெரியக்கூடியவராக இருக்கலாம். ஒரு எண்ணுக்கு நான்கு கதை.

ஆனாலும் புதியவர்களை இது கருணையோடு நடத்துகிறது. செத்தவர்கள் தொடர்ந்து பேசலாம், கடைசியாக ஓர் ஓட்டும் போடலாம். குழப்பத்தை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து அவிழ்க்கலாம்.

கேள்வி: முதல் இரவிலேயே செத்துப்போய் சும்மா உட்காருவது வெறுப்பாக இருக்கிறது.

ஒன் நைட் அல்டிமேட் வேர்வுல்ஃப் ஆடுங்கள். ஒரே இரவு, ஒரே ஓட்டு. ஆனால் இரவில் சீட்டு மாறிவிடும், விடியும்போது நீங்களே ஓநாயாகியிருக்கலாம்.

கேள்வி: வீட்டில் அமாங் அஸ் ஆடுகிறோம். அம்மாவுக்கு எளிதாக்க வழி உண்டா?

அமைப்பில் விஷுவல் டாஸ்க்கை (மற்றவர் கண்ணுக்கும் தெரியும் வேலைகள்) ஆன் செய்யுங்கள், ஸ்கேன் செய்பவர் நல்லவர் என்று அவர் கண்ணால் பார்க்கலாம். வெளியேற்றியவர் இம்போஸ்டரா என்று காட்டும் அமைப்பும் ஆனில் இருக்கட்டும். பழகிய பிறகு இரண்டையும் ஆஃப் செய்து, ஓட்டையும் ரகசியமாக்குங்கள். அதே ஆட்டம், ஆனால் வேறு ஆட்டம்.

கேள்வி: டிஸ்கார்டில் 12 பேர், பாதிப் பேர் புதியவர்கள். எதில் ஆரம்பிக்க?

நான் செய்த தவறைச் செய்யாதீர்கள். ஒரு முறை இப்படி ஒரு குழுவுக்கு ஆளுக்கொரு சிறப்பு ரோல் கொடுத்தேன். இரண்டாம் இரவில் 3 பேர் விலகிவிட்டார்கள். அதில் ஒருவருக்குத் தன் ரோலே புரியவில்லை, கேட்கவும் கூச்சம். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

3 ஓநாய், 1 துப்பறிவாளர், 1 வைத்தியர், 7 ஊர்க்காரர்கள். இதை இரண்டு மூன்று வாரம் ஆடுங்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் 10 நிமிடம் எல்லா ரோலையும் திறந்து, யார் எந்த இரவில் என்ன செய்தார் என்று பேசுங்கள். அப்புறம் ஜெஸ்டரை மட்டும் சேருங்கள். அடுத்த ரோல் எது என்பதை அவர்களே வந்து கேட்பார்கள்.