சிரிக்காதே பாப்பா

அம்மிணி, பெருந்துறைப் பக்கத்திலிருந்து பாங்காக் வந்து ஆறு வாரம் ஆகிறது என்று எழுதியிருக்கிறாய். குழந்தைகள் உரிமை அமைப்பு ஒன்றின் பிராந்திய அலுவலகத்தில் தகவல் தொடர்புக்கும் பரப்புரைக்கும் உன்னைத் தலைமையாகப் போட்டிருக்கிறார்கள். மங்கோலியாவிலிருந்து பிஜித் தீவு வரைக்கும் உன் எல்லை. "இந்த நாடுகளில் ஒன்றின் மொழிகூட எனக்குத் தெரியாது. அந்தக் குழந்தைகளுக்காகப் பேச நான் யார்? கூட்டத்தில் வாய் திறக்கவே பயமாக இருக்கிறது. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் அக்கா?" இதுதான் உன் கேள்வி. சாப்பாடு, விசா, அப்பா அம்மா கவலை மூன்றையும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறாய். அதை முதலில் முடித்துவிடலாம்.

சோற்றுக்குக் கஷ்டமில்லை. பாஹுரத் கடைவீதியில் துவரம்பருப்பு, புளி, பெருங்காயம் எல்லாம் கிடைக்கும். நல்லெண்ணெய் மட்டும் ஊரிலிருந்து கொண்டு வா. இங்கே விற்பது பெரும்பாலும் வறுத்த எள்ளில் எடுத்தது, வாசமே வேறு. சீலோம் சாலை மாரியம்மன் கோயில் 1879-இல் நம் தமிழ் ஆட்கள் கட்டியது. அங்கே போனால் நம்மவர்களைவிடத் தாய்லாந்துக்காரர்கள்தான் அதிகம் நிற்பார்கள், ஆனாலும் மனசுக்குத் தெம்பாக இருக்கும். விசாவுக்கு 90 நாளைக்கு ஒருமுறை முகவரி தெரிவிக்க வேண்டியிருந்தால் அந்தத் தேதியை நீயே குறித்து வை, அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதே. இங்கே நம்மூரைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். அம்மா ஆறரைக்கு விளக்கு வைக்கும்போது உனக்கு எட்டு மணி. அந்த நேரத்துக்குத் தினமும் ஒரு போன் போட்டுவிடு.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன்.

நான் குமாரபாளையத்துக்காரி. எங்கள் வீட்டு முன்னறையில் நாலு விசைத்தறி ஓடியது. பள்ளி விட்டு வந்தால் தறிக்கு நூல் சுற்றும் தார் மெஷினில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் படிப்பேன். ஏழாவது வரை என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தி பாதி வருடத்தில் நின்றுவிட்டாள். அவள் அப்பா தறிக்காரரிடம் வாங்கிய முன்பணம் அடையவில்லை, அதற்காக அவளும் தறிக்குப் போக வேண்டியதாயிற்று. 1994 என்று நினைவு. குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி எழுதுவதற்காக வெளியூரிலிருந்து ஒரு குழு ஜீப்பில் வந்தது. அவளைப் போட்டோ எடுக்கிறார்கள் என்று தெருவே கூடிவிட்டது. அவள் உள்ளே ஓடிப்போய் ரிப்பனை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டு, முகம் கழுவி, தறிக்குப் பக்கத்தில் வந்து நின்று சிரித்தாள். போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு, "சிரிக்காதே பாப்பா" என்றார். அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சிரித்தாள். "அழுவது மாதிரி நில்லு" என்றார்.

படம் அச்சில் வந்தது. அவள் பெயர், ஊர், அப்பா வாங்கிய தொகை எல்லாமே போட்டிருந்தார்கள். தறிக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த வாரமே அவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் பள்ளிபாளையம் பக்கம் வேறொரு தறிக்கு மாறிப் போனார்கள். புதுத் தறிக்காரர் பழைய பாக்கியைக் கட்டிவிட்டு அதன்மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றினார். அந்தப் படத்தால் நன்மையே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அதிகாரிகள் வந்தார்கள், சில பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை. உனக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் அந்தக் குழுவும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முழுப் பரீட்சையை மட்டும் எழுதவிட்டால் போதும் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989 நவம்பர் 20-இல் நிறைவேறியது. இந்தியா 1992 டிசம்பரிலேயே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதன் 12-ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய விஷயத்தில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, அதை மதித்துக் கேட்க வேண்டும் என்கிறது. 16-ஆம் பிரிவு குழந்தையின் அந்தரங்கத்தையும் மானத்தையும் காக்கச் சொல்கிறது. அந்த ஜீப் எங்கள் தெருவுக்கு வந்தபோது இரண்டும் நடப்பில் இருந்தன. பல வருடம் கழித்து அவற்றை முதன்முதலாகப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இதையெல்லாம் ஏன் இழுக்கிறேன் என்றால், நீ மொழி தெரியவில்லை என்று பயப்படுகிறாய். அவளுக்கும் அந்தப் போட்டோக்காரருக்கும் நடுவில் ஒரே மொழிதான் இருந்தது, தமிழ்.

நீ ஈரோட்டில் மூன்று வருடம் மில் விடுதிப் பெண்களோடு வேலை பார்த்தவள். சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்து, மூன்று வருடம் முடித்தால் மொத்தமாகப் பணம் என்று சொல்லி அழைத்து வந்த பிள்ளைகள். வார்டன் அருகில் நிற்கும்போது அவர்கள் எப்படிப் பேசுவார்கள், வார்டன் நகர்ந்ததும் எப்படிப் பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும். "எல்லாம் நல்லா இருக்குதுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தரையைப் பார்க்கிற பிள்ளையை நீ எத்தனை பார்த்திருப்பாய்! இங்கே பாங்காக்குக்குப் பக்கத்தில் மஹாச்சாய் இறால் சந்தைப் பக்கம் போ. மியான்மரிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே ஏராளம். அதே தரையைப் பார்க்கிற பார்வையைப் பார்ப்பாய். அது உனக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே விளங்கும். கூட்டத்தில் நீ கொண்டுவர வேண்டியது அதைத்தான்.

ஒரு விஷயம் கவனம். நம்மூரில் பிள்ளையைக் கண்டால் கை தானாகத் தலைக்குப் போகும். இங்கே தலை புனிதமானது, அறிமுகமில்லாதவர்கள் தொடுவது மரியாதை இல்லை. என் முதல் களப்பயணத்தில் ஒரு சின்னப் பையன் தலையைத் தடவிவிட்டேன், அவன் பாட்டி முகம் சுருங்கியதைப் பார்த்துத்தான் கையை எடுத்தேன். கீழே உட்கார்ந்து அவன் கண்மட்டத்துக்கு வந்து பேசினால் போதும்.

மஹாச்சாயில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தாய்லாந்தில் 2005-இலேயே, குடியுரிமைக் காகிதம் எதுவும் இல்லாத பிள்ளைகளும் அரசுப் பள்ளியில் படிக்கலாம் என்று அமைச்சரவை தீர்மானம் போட்டுவிட்டது. ஆனாலும் பிள்ளைகள் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி ஒரு பிரசாரத்துக்காகப் பன்னிரண்டு வயசுப் பெண் ஒருத்தியிடம் பேசினோம். எங்கள் கையில் இருந்த வரைவில் அவள் வாயில் வைக்க வேண்டிய வாக்கியம் ஏற்கனவே இருந்தது: "நான் பள்ளிக்குப் போக ஆசைப்படுகிறேன்." அவள் அதைச் சொல்லவில்லை. ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "போனேன். ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். எல்லோரும் என் தம்பியைவிடச் சின்னவர்கள். வெட்கமாக இருந்தது, வந்துவிட்டேன். இங்கே கூட்டாளிகள் இருக்கிறார்கள்" என்றாள்.

மேலே இருந்தவர், இதைப் போட்டால் வேலையை ஆதரிப்பது போல ஆகிவிடும், பழைய வாக்கியமே இருக்கட்டும் என்றார். இரண்டு நாள் வாதாடினேன். ஏழாவதில் நின்றவள் கண்முன்னால் வந்து நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் அந்தப் பெண் சொன்னது அப்படியே போனது, முகமும் பெயரும் இல்லாமல். அதோடு எங்கள் கோரிக்கையும் மாறியது. பள்ளியில் சேருங்கள் என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டு, வயசு ஏறிய பிள்ளைகளுக்கு அவர்களுடைய சொந்த மொழி தெரிந்த ஆசிரியரோடு தனி இணைப்பு வகுப்பு வேண்டும் என்று கேட்டோம். கல்வி அதிகாரிகளுக்கு அப்போதுதான் பிடி கிடைத்தது. பொதுவான கோரிக்கைக்குத் தலையாட்டிவிட்டுப் போகலாம். இணைப்பு வகுப்பு என்றால் எத்தனை, எங்கே, யார் நடத்துவது என்று பதில் சொல்லியாக வேண்டும்.

உனக்கு இன்னும் தெளிவான உதாரணம் வேண்டுமென்றால் 2018-இல் இங்கே தாம் லுவாங் குகையில் சிக்கிய கால்பந்துக் குழுவின் 12 பையன்களையும் அவர்கள் பயிற்சியாளரையும் நினைத்துக்கொள். ஜூலை 10-ஆம் தேதி கடைசிப் பையனும் வெளியே வந்துவிட்டான். உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் சியாங் ராயில் குவிந்திருந்தன. 18-ஆம் தேதி ஒரே ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு வைத்தார்கள். கேள்விகளை முன்கூட்டியே வாங்கி, மனநல நிபுணர்கள் படித்துப் பார்த்து, பிள்ளைகளைப் புண்படுத்தக் கூடியவற்றை எடுத்துவிட்டுத்தான் கேட்க விட்டார்கள். தாய்லாந்தின் 2003-ஆம் வருடக் குழந்தைப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, குழந்தையின் மனசுக்கோ பெயருக்கோ கேடு வரும்படி செய்தி பரப்புவதைத் தடுக்கிறது. நம் நாட்டில் 2015-ஆம் வருட இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும் வழக்கில் சம்பந்தப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. இந்த இரண்டு பிரிவும் எனக்கு மனப்பாடம். போட்டோ கேட்டு நச்சரிக்கும் நிருபரிடம் சட்டத்தை எடுத்துச் சொன்னால் பேச்சு அதோடு நின்றுவிடும்.

அந்தக் குகைப் பிள்ளைகளில் மூன்று பேருக்கும் பயிற்சியாளருக்கும் குடியுரிமையே இல்லை. ஆகஸ்டில் கிடைத்தது. அதே நிலையில் லட்சக்கணக்கானோர் அப்போது இந்த நாட்டில் காத்திருந்தார்கள். உலகம் அந்தப் பக்கம் பார்க்கிற சில வாரத்துக்குள் மற்றவர்களைப் பற்றியும் பேசிவிட வேண்டும். அந்த நேரத்தில் பிராந்திய அலுவலகத்தில் இருப்பவள் தூங்கக் கூடாது.

கூட்டத்தில் பேச என்ன இருக்கிறது என்று கேட்டாயே. நாட்டு அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு அந்த ஊர் தெரியும், நீ போய்ச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் அந்த அரசோடு தினமும் உட்கார்ந்து தடுப்பூசி, பள்ளிக்கூடம் என்று வேலை பார்க்க வேண்டும். சில வார்த்தைகளை அவர்கள் வாயால் சொன்னால் நாளைக்குக் களத்துக்குப் போக அனுமதி கிடைக்காது. அந்த வார்த்தைகளை நீ உன் பெயரில் சொல்ல வேண்டும். திட்டும் உனக்கு வரும். அது போலவே, சத்தம் போடாமல் இருக்க வேண்டிய இடத்தில் உன் தலைமையகத்தையே தடுத்து நிறுத்த வேண்டியதும் நீதான். தாய்லாந்து 1992-இல் உடன்படிக்கையில் சேர்ந்தபோது, அகதிக் குழந்தைகளைப் பற்றிய 22-ஆம் பிரிவுக்குக் கட்டுப்பட மாட்டேன் என்று ஒதுக்கி வைத்தது. அந்த ஒதுக்கீட்டை விலக்கிக்கொண்டது 2024-இல். 32 வருடம்! ஜெனீவாவில் அறிக்கை, இங்கே கூட்டம், அதிகாரிகள் மாற மாற மறுபடி முதலிலிருந்து விளக்கம் என்று எத்தனையோ பேர் பெயர் தெரியாமல் உழைத்த வேலை அது. செய்தி வந்த அன்று நான் அழுதேன்.

வார்த்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மூர்ப் பக்கம் 'உரிமை' என்றால் பெரியவர்கள் காதில் முறைப்பெண்மேல் மாமன் மகனுக்கு இருக்கிற உரிமைதான் முதலில் விழும். "குழந்தை உரிமை" என்று ஊர்க்கூட்டத்தில் ஆரம்பித்தால், பிள்ளைமேல் யாருக்கு உரிமை என்று கேட்டுவிடுவார்கள். நான் அனுபவித்திருக்கிறேன். தாய்லாந்து மொழியில் இவர்கள் உரிமைக்கு 'சித்தி' என்கிறார்கள், குழந்தை உரிமை 'சித்தி தெக்'. அட்டமா சித்தி என்கிறோமே, அதே வடமொழிச் சொல். கேட்க அழகாக இருந்தாலும் மஹாச்சாய் அம்மாக்களுக்கு அது அரசாங்கப் பேச்சு. அதனால் ஒரு செய்தியை எல்லா நாட்டுக்கும் ஒரே வார்த்தையில் அனுப்பாதே. "உங்கள் ஊரில் ஒரு பாட்டி இதை எப்படிச் சொல்வாள்?" என்று ஒவ்வொரு நாட்டுக்காரரையும் கேள். பிஜியில் பாங்காக்கைவிட ஐந்து மணி நேரம் முன்னால், அவர்கள் வீட்டுக்குப் போகும் முன் கேட்டுவிடு. உன் முதல் கூட்டத்தில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே போதும். அதற்கு ஆங்கிலம் சரளமாக வர வேண்டும் என்றுகூட இல்லை.

ஜூன் 12, குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாளுக்கு அறிக்கை எழுதுகிறேன், முதல் வரி சரியாக வரவில்லை என்று எழுதியிருந்தாய். சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வா. அரிசியும்பருப்பும் ஆக்கி வைக்கிறேன். அறிக்கையை எடுத்துக்கொண்டு வா. அதில் பேசியிருக்கிற பையன் எந்த மொழியில் சொன்னான், எழுதியதை அவனுக்கு யாராவது அதே மொழியில் படித்துக் காட்டினார்களா என்பதையும் கேட்டுக்கொண்டு வா.