இங்கிலாந்துத் தேவாலயப் பதிவேடுகளில் முன்னோரைத் தேடுவது: கேள்வி பதில்

கேள்வி: என் மனைவி இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்தவர். அவருடைய எள்ளுத்தாத்தா பெயர் ஜான் என்று மட்டும் தெரியும். எங்கள் பிள்ளைகளுக்காகத் தேடுகிறேன். எங்கே ஆரம்பிப்பது?

பதில்: ஜானை விடுங்கள், உங்கள் மாமனாரிடமிருந்து ஆரம்பியுங்கள். அவரிடம் பழைய சான்றிதழ்கள் ஏதாவது இருக்கும். 1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பை அரசு பதிகிறது. திருமணச் சான்றிதழில் மாப்பிள்ளை, பெண் இருவரின் அப்பா பெயரும் தொழிலும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவர் எந்த ஊரில் பிறந்தார் என்றே எழுதியிருப்பார்கள். ஊர் தெரிந்த பிறகுதான் தேவாலயப் பதிவேட்டுக்கு வர வேண்டும்.

கேள்வி: எனக்கு ஊர் தெரிந்துவிட்டது. 1790களில் அங்கே அதே பெயரில் ஒரு ஞானஸ்நானமும் கிடைத்துவிட்டது. அவர்தானே எங்கள் ஆள்?

பதில்: அடக்கப் பதிவேட்டைப் பார்த்தீர்களா? அதைப் பார்க்காமல் யாரையும் குடும்பத்தில் சேர்க்காதீர்கள். ஜான், வில்லியம், தாமஸ் என்று அந்தக் காலத்தில் ஆண் பெயர்கள் கொஞ்சம்தான். ஒரு குழந்தை இறந்துபோனால் அடுத்த குழந்தைக்கும் அதே பெயரை வைப்பார்கள். பெரியப்பா மகன், சித்தப்பா மகன் எல்லாருக்கும் தாத்தா பெயர்தான்.

நான் பட்டதைச் சொல்கிறேன். சஃபோக்கில் ஒரு சிற்றூர். ஒரு வில்லியமை எட்டு மாதம் பின்தொடர்ந்து, அவருக்கு மேல் மூன்று தலைமுறையை எழுதி முடித்துவிட்டேன். பிறகு அடக்கப் பதிவேட்டில் ஒரு பக்கத்தின் அடியில், மை மங்கிய ஒரே ஒரு வரி கண்ணில் பட்டது: அதே தாய் தகப்பன் பெயர், வில்லியம், கைக்குழந்தை. ஞானஸ்நானம் கொடுத்துப் பத்தொன்பதே நாள். நான் தேடிய வில்லியம் பக்கத்து ஊர்க்காரர். மூன்று தலைமுறையையும் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். அந்தக் குழந்தையின் வரியை மட்டும் இன்றும் குறிப்பேட்டில் வைத்திருக்கிறேன்.

1813க்கு முன் ஞானஸ்நானப் பதிவு பெரும்பாலும் ஒற்றை வரிதான். அந்த ஆண்டு முதல்தான் அச்சிட்ட படிவம் வந்து, அப்பாவின் தொழிலையும் குடியிருப்பையும் எழுதினார்கள். அதனால் உங்கள் ஆளுக்குச் சுற்று ஊர்ப் பதிவேடுகளையும் உயில்களையும் சேர்த்துப் பாருங்கள். திருமணத்தில் சாட்சிக் கையெழுத்து போட்டவர்கள் யார் என்றும் பாருங்கள். அண்ணன் தம்பி அங்கேதான் அகப்படுவார்கள்.

கேள்வி: 1720 மே மாதம் கல்யாணம், 1720 பிப்ரவரியில் மூத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம். பிள்ளை முதலில், கல்யாணம் பிறகா?

பதில்: இல்லை. அப்போது இங்கிலாந்தில் புது வருடம் மார்ச் 25 அன்று பிறந்தது. மே முடிந்து ஒன்பது மாதம் கழித்து வரும் பிப்ரவரியும் அவர்களுக்கு 1720தான். நமக்கு அது 1721. ஜனவரி 1 வருடப் பிறப்பானது 1752இல்தான். குறித்துவைக்கும்போது 1720/21 என்று இரண்டையும் எழுதுங்கள்.

கேள்வி: 1640களின் பக்கங்களே இல்லையே?

பதில்: உள்நாட்டுப் போர்க் காலம். 1642 முதல் 1660 வரை பல ஊர்களில் இதே கதைதான். மற்ற ஆண்டுகளில் பக்கம் கிழிந்திருந்தால் பிஷப்புக்கு அனுப்பிய நகலைத் தேடுங்கள். 1598 முதல் ஆண்டுதோறும் நகல் அனுப்ப வேண்டும் என்பது விதி. மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

கேள்வி: திருமணப் பதிவேட்டில் பெண்ணின் பெயருக்கு நடுவே ஒரு பெருக்கல் குறி. என்ன அர்த்தம்?

பதில்: அதுதான் அவருடைய கையெழுத்து. 1754 முதல் மாப்பிள்ளை, பெண், சாட்சிகள் எல்லாரும் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாதவர் குறி போடுவார், சுற்றிப் பெயரைக் குருவானவர் எழுதுவார். உற்றுப் பாருங்கள்: பேனா பழகாத கை அழுத்திய இடத்தில் மை திரண்டிருக்கும். ஓலை வாசித்து, அதாவது தேவாலயத்தில் முன்கூட்டியே அறிவித்து நடந்த கல்யாணமா, உரிமம் வாங்கி நடந்ததா என்பதும் அதே பதிவில் இருக்கும்.

கேள்வி: என் பாட்டி பெரம்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்த ஆங்கிலோ-இந்தியர். எங்களுக்கும் வழி உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. மதராஸ் மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின. சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் 1680இல் பிரதிஷ்டையான செயின்ட் மேரிஸ் தேவாலயத்தின் பதிவுகளும் அவற்றில் சேரும். இப்போது அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற வம்சத் தேடல் இணையதளத்தில் கட்டணம் கட்டி வீட்டிலிருந்தே பார்க்கலாம். பாட்டி கத்தோலிக்கரா, ஆங்கிலிக்கனா (இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவரா) என்று முதலில் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ஒன்று மட்டும்: பழைய பதிவுகளில் தாய் இந்தியப் பெண்ணாக இருந்தால் அவர் பெயரைப் பெரும்பாலும் எழுதாமல் விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் ஊகமாக ஒரு பெயரைப் போட்டுவிடாதீர்கள். கட்டத்தைக் காலியாக விட்டு, உங்கள் வம்ச அட்டவணையில் அந்த அம்மாவுக்கும் ஓர் இடம் வையுங்கள்.